அத்தா இருமாத கேசட்

டேப் ரெக்கார்டர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு சினிமாப் பாட்டு ஞாபகம் வரும். எனக்கு இருமல் ஞாபகம் வரும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டோம். மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் ஆளுக்கொரு மருந்து டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறோம். கல்யாண வீட்டில் சந்தித்தால்கூட முதல் பேச்சு எந்த டாக்டர் நல்ல டாக்டர் என்பதுதான். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே எதிர்ப்பக்கமாக நடந்த மனிதர்களைப் பற்றி நம்மில் ஒருத்தியாவது எழுதி வைக்கட்டுமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு திண்டிவனத்தில் பள்ளிவாசல் தெருவில் இருந்தது. நான் நாலாம் வகுப்பு. அத்தா சவுதியில் இருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே இருந்தவரை பெரியத்தாவின், அதாவது அவருடைய அண்ணனின், ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், அங்கே போய்ப் பளிங்குக் கல் அறுத்தார். கல் அறுக்கிற மிஷின் எப்படி இருக்கும், அதிலிருந்து எவ்வளவு மாவு பறக்கும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அவர் அனுப்பிய போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாருடைய காருக்கோ பக்கத்தில் நின்றார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு நான் அந்தக் காரைத்தான் காட்டினேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது அந்த டேப் ரெக்கார்டர். ரேடியோவும் சேர்ந்தது. அம்மா அதற்கு ரோஸ் நிற சாட்டின் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். உறையைக் கழற்றினால் பேட்டரியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோக் கடையைக் கடக்கும்போது அந்த வாசனை அடித்தால் நான் நின்றுவிடுகிறேன்.

கடிதத்துக்குப் பதில் கேசட் போய்வந்த காலம் அது. கோட்டக்குப்பத்தில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். அவரும் சவுதியில்தான் வேலை. வருகிறவர் போகிறவர் எல்லாருடைய சாமானையும் அந்த மாமாவே சுமப்பார், இல்லாவிட்டால் சுமப்பவரைப் பிடித்துத் தருவார். அத்தாவின் கேசட் வந்துவிட்டால் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். தெருவில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். பதில் பேசிப் பதிவு செய்வதும் அப்படியே, கூட்டத்தோடுதான். முதலில் பெரியத்தா பேசுவார். கட்டிக்கொண்டிருக்கிற வீடு எதுவரை எழும்பியிருக்கிறது என்பதை ஜன்னல் ஜன்னலாகச் சொல்லுவார். பிறகு உறவுக்காரர்கள். பிறகு நான் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு. கடைசியில் அம்மா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நல்லா இருக்கோங்க. நேரத்துக்கு சாப்பிடுங்க. ஒடம்பப் பாத்துக்கோங்க," என்பாள். அவ்வளவுதான். அத்தனை பேர் நடுவில் வேறென்ன பேசுவது?

அந்தப் பக்கமும் அதே கதைதான். அத்தா இருந்த அறையில் ஆறு பேர், ஒரே டேப் ரெக்கார்டர். யாருடைய கேசட் வந்தாலும் எல்லாரும் சேர்ந்துதான் கேட்பார்களாம். ஆக, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை இரண்டு நாட்டிலும் சபை கூட்டிக் கேட்டோம். இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்போது திருவிழா மாதிரி இருந்தது.

ஐப்பசி மழையில் வந்த கேசட்டில்தான் முதல் இருமலைக் கேட்டோம். பேச்சு நடுவே ஒன்று, பிறகு ஒன்று, பிறகு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமாக ஒன்று. "ஏசிக் காத்து ஒத்துக்கலடா அவனுக்கு," என்று பெரியத்தா தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் அது பெருமையாகக்கூட இருந்தது. திண்டிவனத்தில் அப்போது யாருக்கு ஏசிக் காற்றில் இருமல் வந்தது?

அம்மா மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். பேருந்து நிலையத்துப் பக்கம் அவருடைய கிளினிக். வாசலில் கம்பவுண்டர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்க, அம்மா தன் பெயரைச் சொல்லிவிட்டாள். அத்தாவின் இருமலுக்கு அம்மா பெயரில் சீட்டு. உள்ளே போனதும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கில்லிங்க டாக்டரு. எங்கூட்டுக்காரருக்கு. அவரு சவுதில இருக்காரு."

"ஆளைப் பாக்காம நான் எப்படிம்மா மருந்து எழுதறது? அங்க டாக்டரே இல்லையா?"

"இருக்காங்க. போவமாட்டாரு. அவரு எப்படி இருமறாருன்னு நான் இருமிக் காட்டட்டுங்களா?"

காட்டினாள். அத்தா மாதிரியே, முதலில் தொண்டையைச் செருமி, பிறகு இரண்டு சின்னதாக, பிறகு ஒன்று நீளமாக. டாக்டர் சிரிக்கவில்லை. சிவப்பு மாத்திரையும் இருமல் மருந்தும் எழுதினார். "இது கேக்கலன்னா அங்கயே காட்டச் சொல்லு," என்றார்.

இப்படி வைத்தியம் பார்த்தது எங்கள் வீடு மட்டுமில்லை. கடல் தாண்டிப் போன ஆண்களுக்குத் தலைவலி வந்தால், இங்கே பெண்கள் போய் டாக்டர் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாத்திரையை வாங்கி, ஊறுகாயோடும் முறுக்கோடும் அனுப்பினார்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து அம்மா மாத்திரைகளைத் துணியில் சுற்றிக் கேப்பை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

அங்கே ஆஸ்பத்திரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி, இலவச வைத்தியம். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அங்கே வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'அக்காமா' என்று ஒரு அனுமதி அட்டை உண்டு. அதைப் புதுப்பிக்கும்போது மெடிக்கல் பார்ப்பார்கள். நெஞ்சைப் படம் எடுத்ததில் கறை தெரிந்தால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மெடிக்கல் என்ற சொல்லே எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் பேசப்பட்டது. ஆஸ்பத்திரி என்பது உடம்பைச் சரிசெய்யும் இடம் இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கும் இடம் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

பொங்கல் கழிந்து அடுத்த கேசட் வந்தது. அதில் இருமலே இல்லை. அத்தா நிறைய பேசினார். உடம்பு கல்லு மாதிரி இருக்கு என்றார், மருந்து ஜல்தியா கேட்டிடுச்சி என்றார். பெரியத்தா எழுந்து கடைக்குப் போய்ப் பூந்தி வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். டாக்டருக்குக் கைராசி என்று தெருவே பேசியது. அம்மாவும் பூந்தியை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

கேசட்டில் ஆங்காங்கே 'டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டேப் கோளாறு என்று நினைத்தோம். ஒருநாள் மத்தியானம் யாருமில்லாத நேரத்தில் நான் பழைய கேசட் ஒன்றைப் போட்டு என் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நடுவில் அடி மறந்துவிட்டது. பதிவை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' பொத்தானை அழுத்திவிட்டு, புத்தகத்தைப் பார்த்து, மறுபடி பொத்தானை எடுத்துவிட்டுப் பாடினேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது நான் மறந்த இடம் இல்லவே இல்லை. அந்த இடத்தில் ஒரு 'டக்' மட்டும் இருந்தது.

நான் அடுக்களைக்கு ஓடி, "அம்மா, அத்தா மிஷின நிறுத்தி நிறுத்திப் பேசறாரு," என்றேன்.

அம்மா அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். அத்தாவின் கேசட்டைப் போட்டாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் முன்னால் குரல் கொஞ்சம் கம்மியது. ஒவ்வொரு 'டக்'குக்கும் பின்னால் அவர் மூச்சை இழுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முன்பு கேட்டபோது இதெல்லாம் யார் காதிலும் விழவில்லை. கடைசிப் பகுதியில் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அம்மா பாதியில் நிறுத்திவிட்டு, டேப் ரெக்கார்டர் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அந்த மிஷினையே துப்பட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு கேசட்டையும் கேட்டார். மேஜையில் கைவைத்துக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெளியே நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எடை கொறஞ்சிட்டாரா? போட்டோ ஏதாவது வச்சிருக்கியா?"

அம்மா புதிதாக வந்த போட்டோவைக் காட்டினாள். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"இதுக்கு நான் மாத்திரை எழுத மாட்டேம்மா. படம் எடுக்காம எழுதினா தப்பு. டி.பி.யா இருந்தா மாசக் கணக்குல விடாம சாப்பிடணும். நீ டப்பாவுல அனுப்பற வேலை இல்ல இது. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கில்ல, உடனே போகச் சொல்லு. லேட் பண்ணினா ஆளு தங்க மாட்டாரு."

"போனா திருப்பி அனுப்பிடுவாங்க டாக்டரு."

"அனுப்பட்டும். உயிரோட அனுப்புவாங்க இல்ல?"

வீட்டுக்கு வந்து அம்மா பெரியத்தாவிடம் சொன்னாள். அவர் மனுஷன் கெட்டவர் இல்லை. தனக்கென்று ஒரு புதுச் சட்டை எடுத்துக்கொள்ளாதவர். தம்பி குடும்பம் மாடி வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. "தளம் போடற வரைக்கும் பொறுத்துக்கினு இரும்மா. இப்ப மெடிக்கல்ல மாட்டிக்கினா எல்லாம் பேஜாராயிடும். தளம் போட்டதும் நானே வரச் சொல்றேன்," என்றார். டி.பி. என்ற பேச்சு தெருவுக்குத் தெரிந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அந்தப் பெண் நான்தான். எனக்கு ஒன்பது வயது.

அடுத்த பதிவுக்கு எப்போதும்போல எல்லாரும் பேசி முடித்தார்கள். கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை. பெரியத்தா ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, அம்மா கதவைச் சாத்திவிட்டு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.

"நான்தாங்க பேசறேன். புள்ள மட்டும் பக்கத்துல இருக்கு. நீங்க இருமறப்ப மிஷின நிறுத்திடறீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. படம் எடுங்க. டாக்டரு கேசட்ட கேட்டுட்டு அதத்தான் சொன்னாரு. திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயந்துக்கினு இருக்காதீங்க. தளம் போடலன்னா ஓட்டுக்கு அடியில இருந்துக்குவோம். உங்கண்ணன் கோச்சிக்கினா நான் பேசிக்கறேன். நீங்க எங்களுக்கு வேணும். ரூம்ல இருக்கற அண்ணமாருங்களே, நீங்களும் கேட்டுக்கினுதான் இருப்பீங்க. கேளுங்க. இவர வெளிய தள்ளிடாதீங்க, கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போங்க. உங்கள்ல யாருக்கு இந்த இருமல் இருந்தாலும் நீங்களும் கூடப் போங்க. உங்கூட்டுல இருக்கறவங்களும் இதத்தான் சொல்லுவாங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் பேசினாள். எங்கும் நிறுத்தவில்லை. கேசட் கோட்டக்குப்பத்து மாமா கைக்குப் போயிற்று.

பிறகு காத்திருந்தோம். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஊர் முழுக்க, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள், காற்றிலேயே அந்தத் தோலின் தூசி. பதில் கேசட் வரவில்லை. பணமும் வரவில்லை. பெரியத்தாவுக்குச் சந்தேகம் வந்து கேட்டார். அம்மா மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. "குடும்பத்த நடுரோட்டுக்குக் கொண்டாந்திட்டியேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன்பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். தெருப் பெண்கள் கூடத்துக்கு வருவது நின்றுபோனது. அம்மா ஒவ்வொரு வேளைத் தொழுகைக்குப் பிறகும் பாயில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் சொன்னது அத்தாவைக் காப்பாற்றியதா, இல்லை இருந்த அறையையும் விட்டுத் துரத்தியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில் அவள் மெலிந்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும், வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அத்தா இறங்கினார். பெட்டியைத் தூக்க முடியாமல் வண்டிக்காரர்தான் தூக்கி வந்தார். படியேறும்போது அத்தா இருமினார். மறைக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, தெரு கேட்க இருமினார். அம்மா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. சந்தோஷம்தான்.

கேசட்டைக் கேட்ட மறுநாளே போய்விட்டாராம். படத்தில் நெஞ்சு முழுக்கக் கறை. அங்கேயே சில வாரம் படுக்கவைத்து ஊசி போட்டு, தொற்று அடங்கிய பிறகு விமானம் ஏற்றிவிட்டார்கள். ஒருத்தரும் அவரை விரட்டவில்லை, அதட்டவில்லை. பாஷை தெரியாத டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். மலையாள நர்ஸ் ஒருத்தி, பாதித் தமிழில், மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாளாம். "அந்த நாட்டுல நான் தனிக் கட்டில்ல படுத்து நிம்மதியா தூங்கனது ஆஸ்பத்திரில மட்டும்தான். அங்க போவறதுக்குத்தான் அவ்ளோ பயந்தேன்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

இன்னொன்றும் சொன்னார். அம்மா அனுப்பிய சிவப்பு மாத்திரைகளை அவர் மட்டும் சாப்பிடவில்லை. ஊறுகாயைப் பங்கு வைப்பது மாதிரி அந்த அறையில் மாத்திரையையும் பங்கு வைத்திருக்கிறார்கள். "இருமல் எனக்கு மட்டுமா இருந்திச்சி? வூட்டுலேருந்து வந்தத ஒருத்தன் மட்டும் எப்படித் துன்றது?" என்றார். அதிகமாக இருமியவர் விழுப்புரத்துக்காரர் ஒருவர். அத்தாவின் பக்கத்துப் படுக்கை. அம்மாவின் கேசட்டைக் கேட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். காலையில் அத்தா அவர் கையைப் பிடித்து இழுத்தபோது, "நீ போய்க்கினு இரு. அக்காமா புதுப்பிச்சிட்டு நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டார்.

அத்தா திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி போட்டுக்கொண்டார். நான் தூக்குப் பாத்திரத்தில் பால் எடுத்துக்கொண்டு கூடப் போவேன். பெரியத்தா முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு கூடை முட்டையோடு வந்து, தம்பியின் தோளைத் தடவிப் பார்த்தார். எலும்பு கையில் தட்டுப்பட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தா பிழைத்தார். நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் இருந்தார். அந்த வீட்டுக்குத் தளம் மட்டும் போடவே இல்லை.

ஆனி மாதம் கோட்டக்குப்பத்து மாமா சவுதியிலிருந்து வந்தார். அவரோடு ஒரு பெட்டி வந்தது, விழுப்புரத்துக்காரருடையது. ஆள் வேலை செய்த இடத்திலேயே ரத்தமாகக் கக்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். தந்தி ஏற்கெனவே வந்திருக்க வேண்டும், பெட்டியை மட்டும் சேர்த்துவிட வேண்டும் என்றார் மாமா. அத்தா நானே கொண்டுபோகிறேன் என்றார். அவருக்கு அப்போது சரியாக நடக்கவே வராது.

அத்தா, அம்மா, நான் மூவரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். பெட்டியை அத்தா மடியிலேயே வைத்திருந்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தெருவில் விசாரித்துப் போனோம். அவர் மனைவி மண்டியில் மல்லாட்டை உடைக்கப் போயிருந்தாள். யாரோ கூப்பிட்டுவர, கையெல்லாம் சிவப்புத் தோல் தூசியோடு வந்தாள். தந்தி முன்பே வந்திருந்தது; எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைத் தொடவில்லை. முதலில் எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்தாள். அழுது முடித்த கண்.

அத்தா எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துப் படுக்கை, இருமல், மாத்திரை.

"அவுரு இருமிக்கினு இருந்தது எனக்குத் தெரியாதுங்க பாய். கடுதாசில நலம்னு தான் எழுதுவாரு," என்றாள். பிறகு, "அங்க ஆஸ்பத்திரிக்கு ரொம்ப செலவாவுமா பாய்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் வாங்க மாட்டாங்க."

"தொலைவுங்களா?"

"இல்லம்மா. கிட்டதான்."

"அப்புறம் ஏன் போவல?"

அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தாதான் சொன்னார்.

"படம் எடுத்து நோயக் கண்டுபுடிச்சா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அந்தப் பயம்தான் எங்க எல்லாருக்கும்."

அவள் அதைப் புரிந்துகொள்ள முயன்றாள். அத்தா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த தூசியைப் புடவையில் துடைத்தாள்.

"திருப்பி அனுப்பிடுவாங்கன்னா," என்றாள், "இங்கதானே பாய் அனுப்புவாங்க?"